சிஃபுனா வயலுக்குப் போன குளவிகள்

நசாம்பு தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, அவள் கணவன் கயேம்பா மக்காச்சோளக் குருத்துகளில் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தான். பாதி வயல் முடிந்திருந்தது.

"யாரைக் கேட்டு இதைப் பண்றீங்க?"

"புழுவையா கேக்க முடியும்? அது வாய் நிறைய குருத்தை வச்சிக்கிட்டிருக்கு."

மூன்று வாரத்துக்கு முன்புதான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒமோண்டி வந்து, ஊரில் இருபது வீட்டுக்கு ஆளுக்கு ஆறு அட்டை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அட்டையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் புள்ளிகள். அதிலிருந்து பொடிக் குளவிகள் வரும், படைப்புழுவின் முட்டைக்குள் புகுந்து அழிக்கும் என்றார். மருந்து, சாம்பல் எதுவும் வயலில் படக்கூடாது என்பதுதான் நிபந்தனை. கூட்டத்தில் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியவள் நசாம்பு.

அவள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து, ஒவ்வொரு குருத்தாகச் சாம்பலைக் கழுவினாள். ஈரத்தில் புழுக்கள் சுகமாக இருந்தன.

கோழிகள் வயலுக்குள் புகுந்து புழு கொத்தின. குளவியையும் கொத்திவிடுமோ என்று பயந்து அவற்றைக் கூண்டில் அடைத்தாள். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. புழுக்கள் நிறுத்தவில்லை.

குளவிக்குத் தேன் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பாத்தி அவரையைப் பிடுங்கிவிட்டுச் சாமந்தி நட்டாள். அன்று மாலை வெறும் உகாலிக் களியை உருட்டி விழுங்கிய கயேம்பா, நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் சிஃபுனாவின் வயல். அவனுக்கும் அட்டை கிடைத்திருந்தது. இரண்டு நாள் சட்டைப் பையில் கிடந்ததை எடுத்து, ஆறையும் கழிப்பறைக் கதவில் மாட்டிவிட்டுச் சாராயம் குடிக்கப் போய்விட்டான். ஆனால் அவன் சோளம் ஆள் உயரம் தாண்டிப் பச்சைப்பசேலென்று நின்றது.

நசாம்புவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நேரே போய்க் கேட்டாள். "என் குளவி எல்லாம் உன் வயல்லதான் இருக்கு."

"இருந்தா கூட்டிட்டுப் போயேன். நானா கட்டி வச்சிருக்கேன்?" என்றான் அவன்.

வழக்கு ஊர்த்தலைவரிடம் போனது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிஃபுனா தன் பக்கம் தினமும் புல் கொளுத்தவேண்டும், புகைக்குக் குளவிகள் திரும்பிவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். புகை மட்டும் நசாம்பு வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயத்தில் நுழைந்ததும் பின்வரிசைப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு 'ஙொய்' என்றார்கள். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

அறுவடையில் சிஃபுனாவுக்குப் பத்து மூட்டை. அவளுக்கு மூன்று, அதிலும் பாதி சொத்தை. மூன்று மூட்டை கிறிஸ்துமஸ் வரைகூடத் தாங்காது. கயேம்பா துணிமணியை மடித்து எடுத்துக்கொண்டு, கரும்பு வெட்டும் வேலைக்குக் கிளம்பிப் போனான்.

மறுநாள் ஒமோண்டி தராசோடு ஜீப்பில் வந்தார். எடை பார்த்துக் குறித்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொன்னதைச் சொன்னபடி செஞ்சது நீங்க ஒருத்தர்தான். உங்க வயல் எங்களுக்கு ரொம்ப முக்கியம்மா." ஒரு நீலத் தொப்பியும் கொடுத்தார். நான் எங்கே தப்புச் செய்தேன் என்று அவள் கேட்டதற்கு, ஒரு தப்பும் இல்லை என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டிப் போனார்.

ஜீப் ஓட்டுநர் மட்டும் வாசலில் நின்றார். நசாம்பு அவருக்குத் தேநீர் கொடுத்தாள்.

"நீங்க நாலு ஊர் பாக்கறவரு. சொல்லுங்கண்ணே, என் குளவி ஏன் என்கிட்ட தங்கல?"

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகப் பாதி வீட்டுக்குச் சும்மா அட்டைதாம்மா குடுத்தாங்க. உங்க அட்டையில ஒட்டியிருந்தது மணல்."