அக்காவின் கல்யாணத் தொப்பி விஷயமாக

அன்பும் மதிப்பும் மிகுந்த அக்கா ஐரீன் அவர்களுக்கு, யார்க்‌ஷயரிலிருந்து தம்பி கிளிஃபர்ட் ஆக்ராய்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் வலது முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். மழை மட்டும் பரிபூரண சௌக்கியம். அவ்விடம் தாங்களும் அத்தானும் அத்தானின் படகும் மூழ்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "ரோஸலிண்டுக்குக் கல்யாணம் ஆச்சா, இல்லையா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில எழுது" என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகள் கல்யாணத்துக்கென்று தாங்கள் ஆசையாக வாங்கிய ஊதா நிறத் தொப்பி, அவள் டங்கனோடு குடித்தனம் போன நாளிலிருந்து கடல் தாண்டி ஹோபார்ட்டில் தங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது என்பதும், அத்தான் அதில் கோழியை அடை வைக்கலாமா என்று கேட்டதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அக்கா, ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிகிற காரியமாக இருந்தால் நான் ஏன் இப்படிப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன்? ஆச்சு என்றாலும் பொய், ஆகவில்லை என்றாலும் பொய். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாட்டிறைச்சி வறுவலும் புட்டிங்கும் மேஜைக்கு வந்து, நான் முதல் துண்டை வாயில் வைத்த நேரம் பார்த்து ரோஸலிண்ட் சொல்கிறாள்: "அப்பா, நானும் டங்கனும் சிவில் பார்ட்னர்ஷிப் பதிஞ்சுக்கப் போறோம்."

"பதியறதா? நாய்க்கு லைசென்ஸ் வாங்கற மாதிரியா?"

"சட்டப்படி துணைன்னு பதியறதுப்பா. நாளைக்கு அவனுக்கு ஏதாவதுன்னா ஆஸ்பத்திரியில என்னை வெளிய நிறுத்த மாட்டாங்க. வீடு, பென்ஷன், பிள்ளைங்க, எல்லாத்துக்கும் பாதுகாப்பு. கல்யாணத்துல கிடைக்கறது எல்லாமே இதுல கிடைக்கும்."

"எல்லாமே கிடைக்கும்னா கல்யாணமே பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே?"

"கல்யாணத்துல மத்ததும் சேர்ந்து கிடைக்குதே, அதான் வேணாங்கறேன். ஒரு ஆம்பளை கையில இருந்து இன்னொரு ஆம்பளை கைக்கு மாத்தறதுக்கு நான் என்ன தபால் பார்சலா? ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இப்போ போய் வெள்ளை கவுன் மாட்டிக்கிட்டு நின்னா டங்கனே யாரோ எவரோன்னு பயந்துடுவான்."

டங்கன் நல்ல பிள்ளை, குழம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தான். இத்தனை வருஷமாக அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடவும் வழியில்லை, கூப்பிடாமல் இருக்கவும் மனசில்லை என்று நான் திண்டாடுவது அவனுக்குத் தெரியும். ரோஸலிண்ட் சட்டத்தையே வாசித்து முடித்துவிட்டாள். "சர்ச் கிடையாது, அப்பா கையைக் கோத்துக்கிட்டுப் பொண்ணு நடக்கற நடை கிடையாது, பேச்சு கிடையாது. வாங்க, சாட்சிக் கையெழுத்துப் போடுங்க, சாப்பிடுங்க, வீட்டுக்குப் போங்க."

நடை கிடையாது என்றதும் எனக்குப் புட்டிங் தொண்டையில் நின்றுவிட்டது அக்கா. உங்களுக்குத் தெரியாதா, என் மனைவி மாவிஸ் கண்ணை மூடுவதற்கு முந்தின வாரம் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரோஸ் கையைக் கோத்துக்கிட்டு நீ நடந்து போகணும் கிளிஃப். நான் பாக்காட்டியும் நீ நடக்கணும்." சரி என்று சொன்னேன். சாகப்போகிறவளிடம் சொன்ன சொல்லை நான் எந்த அலுவலகத்தில் போய் ரத்து செய்வது? மகளிடம் இதைச் சொல்லவும் பயம். சொன்னால் அவள் எனக்காக இறங்கி வந்துவிடுவாள், பிறகு அந்த நாள் அவளுடையதாக இருக்காது. மென்று விழுங்கினேன், புட்டிங்கையும் சேர்த்து.

அன்று சாயங்காலம் நம் பித்தளை வாத்தியக்குழு ஒத்திகைக்குப் போய் என் பாட்டைப் பாடினேன். டிரம் அடிக்கிற நார்மன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனும் அவன் துணைவன் டெரிக்கும் இந்தச் சட்டம் வந்த புதிதில் முதல் ஆளாய்ப் போய்ப் பதிந்தவர்கள். "எங்களுக்குக் கல்யாணம் கிடையாது, வேணும்னா இதை வச்சுக்கங்கன்னு குடுத்தாங்க. நாங்க அழுதுகிட்டே வாங்கிக்கிட்டோம். இப்போ கல்யாணம் கேட்டா கிடைக்கற உன் பொண்ணு, எனக்கு இதுதான் வேணும்னு நிக்கறா. டெரிக் கிட்ட சொல்லணும், நாம வாங்கினது ஒண்ணும் மட்டமான சரக்கு இல்லேன்னு!"

ஆறுதல் சொல்வாள் என்று பெரில் ஹெஸ்கத்தைப் பார்த்தேன். பெரிலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஹார்ன் வாசிக்கிறவள், கசாப்புக் கடைக்காரர் விதவை, போன தடவை நீ வந்தப்போ உன் தொப்பியைப் பார்த்து "இதுல முயல் உண்டா?"ன்னு கேட்டாளே, அவளேதான். (மரியாதை நழுவுகிறது அக்கா, மன்னிக்கணும். நழுவினது நழுவினதாகவே இருக்கட்டும்.) அவளை நீ ஏன் கல்யாணம் பண்ணிக்கக் கூடாதுன்னு நீயும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எழுதறே, நானும் சளைக்காம அதே பதிலை எழுதறேன்: "நோயிலும் நலத்திலும், சாவு நம்மைப் பிரிக்கும்வரை"ன்னு கல்யாணத்தன்னிக்கு மாவிஸ் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. இன்னொரு முகத்தைப் பார்த்துச் சொல்ல என் நாக்கு புரளாது. இதை பெரில் கிட்டயும் ஒருநாள் சொல்லிட்டேன். அவ ஹார்னைத் துடைச்சுக்கிட்டே, "சரி, அப்போ வாயைத் திறக்காம வாசிங்க"ன்னா. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. ஆனா என் முழங்காலுக்குத் தைலம் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாம வரும்.

அந்த பெரில்தான் யோசனை சொன்னாள். நடக்கத்தானே கூடாது? வாசிக்கக் கூடாதுன்னு உங்க பொண்ணு சொல்லலியே? பதிவு அலுவலகத்து மாடி ஜன்னலுக்குக் கீழே கார் நிறுத்துகிற இடம். குழு மொத்தமும் அங்கே ஒளிந்து நிற்பது, பெண்ணும் பையனும் உறுதிமொழி சொல்லி முடித்ததும் நான் ஜன்னலில் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுவது, உடனே கீழே முழங்க வேண்டியது. நமக்குத் தெரிந்ததில் பாதி சர்ச்சில் பாடுகிற ஞானப்பாட்டு, இந்தச் சடங்கில் கடவுள் பேரே வரக்கூடாதாமே என்றேன். "அது மாடியில. கார் நிறுத்தற இடத்துல கடவுள் நிக்கலாம், நான் பாத்துக்கறேன்" என்றாள். மகளிடம் மறைக்கிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. ஆனால் நடையில்லாத இடத்தில் ஒரு நடைப்பாட்டாவது இருந்தால் மாவிஸிடம் போய் முகத்தைக் காட்டலாமே என்று ஒரு நப்பாசை.

அந்த நாளும் வந்தது, மழையும் வந்தது. ரோஸலிண்ட் பச்சைக் கோட்டு, டங்கன் கழுத்தில் டை, அதுவே எனக்குப் பெரிய விஷயம். இரண்டு பிள்ளைகள், டங்கனின் அம்மா, நான். பெரில் எனக்குத் துணை என்ற சாக்கில் மாடிவரை வந்து, ஜன்னல் எதுவென்று பார்த்துவிட்டு, "காருக்குள்ள குடையை விட்டுட்டேன்" என்று நழுவினாள். பதிவாளர் அம்மா ரொம்ப நல்ல மாதிரி. "அவங்க உங்க வீட்டுக்காரம்மாவா?" என்று கேட்டார். "சேச்சே, ஹார்ன்!" என்று சொல்லிவிட்டேன். அவர் தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

நான் மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். கீழே பார்த்தால் அத்தனை பேரும் மழையில் நனைந்த கோழிகளாய் வாத்தியத்தை உதட்டில் வைத்துக்கொண்டு என்னையே அண்ணாந்து பார்க்கிறார்கள். நார்மன் டிரம்முக்குத் தன் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டுத் தான் நனைகிறான். ஜன்னலைத் திறக்கலாம் என்றால் வர்ணம் பூசியதில் ஒட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது. முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். கடக் என்று சத்தம். திறந்தது ஜன்னல் அல்ல, பிசகியது முழங்கால். வலியைக் கடித்துக்கொண்டு, "உறுதிமொழி எப்போங்க வரும்?" என்று பதிவாளரிடம் கேட்டேன்.

"எந்த உறுதிமொழி?"

"அதாங்க, நோயிலும் நலத்திலும்…"

"அது கல்யாணத்துக்குங்க. இதுக்கு வார்த்தை எதுவுமே கட்டாயம் இல்ல. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா ஆச்சு. சொல்லணும்னு ஆசைப்படறவங்க சொல்லுவாங்க, இவங்க வேணாம்னுட்டாங்க."

"ஒரு வார்த்தைகூடவா வேணாம்?"

"ஒரு வார்த்தைகூட. ஊமையா இருந்தே வாழ்க்கையை ஆரம்பிச்சுடலாம். ஐயா, நீங்க சாட்சி, ஜன்னலைப் பாக்காம இங்க பாருங்க."

கையும் களவுமாகப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி திரும்பினேன். அக்கா, நான் சொல்வதை நம்பு, அதுவரை எனக்குக் கோபம்தான். பேச்சு மூச்சில்லாமல் இது என்ன சடங்கு, கரண்ட் பில் கட்டுகிற மாதிரி என்று. அப்போது ரோஸலிண்ட் பேனாவை எடுத்தாள். குனிந்தாள். நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டாள். சின்ன வயசில் நம் சமையலறை மேஜையில் முதல்முதலாகத் தன் பெயரை எழுதியபோது எப்படிக் கடித்துக்கொண்டாளோ, அதே மாதிரி. மாவிஸும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோமே, அதே மாதிரி நான் ஒருவனாகப் பார்த்தேன். அறையில் ஒரு சத்தம் இல்லை. கல்யாணமாக இருந்திருந்தால் பேச்சையும் பாட்டையும் கேட்டுக்கொண்டு இதைத் தவறவிட்டிருப்பேன். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன்.

எடுத்தேனா, கீழே முழங்கிவிட்டது! டமார் என்று டிரம், அதற்குமேல் பதினெட்டுப் பித்தளை, எல்லாவற்றுக்கும் மேலே பெரிலின் ஹார்ன். நான் இத்தனை நேரம் இழுத்தும் வராத ஜன்னல் அந்த அதிர்ச்சியில் தானாகத் திறந்துகொண்டது. அப்போதுதான் பேனாவை வாங்கித் தாளில் வைத்திருந்த டங்கன் தூக்கிவாரிப் போட்டதில் கையெழுத்தின் வாலைத் தாளின் ஓரம்வரை இழுத்துவிட்டான். "செல்லுமா?" என்று அலறினான். அவன் வாயிலிருந்து அன்று வந்த முதல் வார்த்தை அதுதான். பதிவாளர் அம்மா பார்த்துவிட்டு, "செல்லும். இவ்வளவு நீளமா யாரும் சம்மதிச்சு நான் பாத்ததில்ல" என்றார்.

ரோஸலிண்ட் என்னைப் பார்த்தாள். நான் கைக்குட்டையைப் பைக்குள் திணித்தேன், அது பாதி வெளியே தொங்கியது. "அப்பா."

"பேசலம்மா. நடக்கல. நீ சொன்னது ரெண்டையும் செய்யல."

"முழங்காலை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல, லேசா…"

"பொய் சொல்லாதீங்க. இந்தப் படியில தனியா இறங்கினா உருண்டுதான் போவீங்க. கையைக் குடுங்க." என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். கீழே நடைப்பாட்டு முழங்க, அந்த நீளப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக, நானும் என் மகளும் கைகோத்து நடந்து இறங்கினோம் அக்கா. கேட்காமலே கிடைத்தது. மூன்றாவது படியில் மாவிஸ் கேட்டதை அவளிடம் சொல்லிவிட்டேன். "லூசு அப்பா, அன்னிக்கே சொல்லியிருந்தா இப்படி முழங்காலை உடைச்சுக்காம நடந்திருக்கலாமே" என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள், சிரித்தாள்.

கீழே மழையில் பெரில், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஹார்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். ரோஸலிண்ட் நேராக அவளிடம் போய், என் கையைத் தன் கையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தாள். "இந்தாங்க பெரில், பிடிச்சுக்கங்க. இனிமே இவர் உங்க பொறுப்பு. தபால் பார்சல், ஜாக்கிரதை, உடையக்கூடியது." குழு மொத்தமும் சிரித்ததில் பாட்டு நின்றுபோனது. நான் கையை எடுக்கவில்லை. முழங்கால் வலி, வேறென்ன.

ஆக, அக்கா, நீ கேட்டதற்குப் பதில்: கல்யாணம் இல்லை. இனி நம் குடும்பத்தில் அப்படி ஒன்று நடக்கவும் போவதில்லை. ஆகவே அந்த ஊதாத் தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து, மனசைத் தேற்றிக்கொண்டு, அத்தானின் கோழிக்கே கொடுத்துவிடு. உனக்கும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும், படகுக்கு நல்ல காற்று கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அருமைத் தம்பி,
கிளிஃபர்ட்

பின்குறிப்பு: கடிதத்தை உறைக்குள் போடுவதற்கு முன் பெரில் வாங்கிப் படித்தாள். "சொல்ல வேண்டியதைத் தவிர மத்ததெல்லாம் எழுதியிருக்கீங்க" என்கிறாள். சரி, சொல்லிவிடுகிறேன். வசந்தம் பிறந்ததும் நானும் பெரிலும் அதே மாடியில், அதே ஜன்னல் பக்கம் பதிந்துகொள்கிறோம். ஒரு வார்த்தைகூட வேண்டாம் என்று அந்தப் பதிவாளர் அம்மா சொன்னாரே, அன்றிலிருந்து அது என் காதிலேயே நிற்கிறது. மாவிஸுக்குச் சொன்னது மாவிஸிடமே இருக்கட்டும், பெரிலுக்குக் கையெழுத்து. நடை கிடையாது, பேச்சு கிடையாது என்று ரோஸலிண்டிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "அதெல்லாம் முடியாது, நான்தான் உங்களைக் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவேன், அரை மணி நேரம் பேசுவேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். தொப்பியைக் கோழியிடமிருந்து வாங்கி வை.