இல்லாத முட்டி வலி

எனக்கு முட்டி வலி வந்தே தீரவேண்டும் என்று முடிவு செய்தேன். வேறு வழியில்லை, பாத்துக்கிடுங்க!

என் மனைவி சந்தனமாரிக்கு நீர்க்கட்டி. மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போய், பயந்தே போனாள். "தண்ணியக் குறைட்டி, நீர்க்கட்டி தானா வத்திரும்" என்று நான் வைத்தியம் சொன்னேன். முறைத்தாள். டாக்டர் மாத்திரை எழுதி, தினமும் நடக்கச் சொன்னார். மாத்திரை குமட்டியதும் நிறுத்தப் பார்த்தாள். ஒரகடம் மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுக்கும் ரஞ்சனி மேடம்தான், "சாப்பிட்டுப் போடுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, குமட்டல் நிக்கலன்னா டாக்டராண்ட சொல்லுங்க" என்று தேற்றினார். அதோடு விட்டிருக்கலாம். "தனியா நடக்க பயமா இருந்தா சாரையும் இட்டுக்கினு போங்க" என்றார். வந்தது வினை!

சேரப்பணஞ்சேரியில் விடிகாலை நடை. ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் நாய். நடுவில், தூக்கத்தோடு நான். தாங்கவில்லை. மெடிக்கலுக்கு ஓடினேன்.

"மேடம், எனக்கு முட்டி வலி. நடக்கக் கூடாதுன்னு அவகிட்டச் சொல்லிருங்க."

"எந்த முட்டி, பிச்சையா சார்?"

"வலது... இல்ல, இடது."

"படி ஏறுனா வலிக்குதா?"

"அவ கூட நடந்தாத்தான் வலிக்கு!"

மேடம் சிரித்தார். "நான் பேசிக்கிறேன் சார்."

அப்பாடா! சாயங்காலம் ராஜா மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன்.

"முட்டி வலியாமே? எந்த முட்டின்னு முடிவு பண்ணிட்டா சொல்லுங்க, தைலம் தேய்ச்சு விடுதேன்" என்றாள் சந்தனமாரி.

எனக்குச் சுருக்கென்றது. சமாளித்தேன். "பாவம், நீ ஒத்தையில எப்படி நடப்ப?"

"படப்பை கிரவுண்டுல பொம்பளைங்கல்லாம் சேந்து நடக்காங்களாம். மேடமும் வாராங்க. நாலு பேரோட பேசிக்கிட்டே நடந்தா எனக்கும் மனசுக்குத் தெம்பா இருக்கும்லா?"

அவள் முகம் அப்படித் தெளிந்து பல நாளாயிற்று. எனக்கும் சந்தோஷம்தான்.

"படப்பைக்கு எப்படிட்டி போவ?"

"ஒங்க ஸ்கூட்டர்ல."

"அப்ப மெயின் ரோட்டுல கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் எதுல போக?"

"வண்டி ஓட்டுனா முட்டிக்கு ஆகாது. மெதுவா நடந்தா நல்லதுன்னு மேடமே சொல்லுதாங்க."

சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இப்போது, நடப்பதற்காக அவள் தினமும் வண்டியில் போகிறாள். உட்கார்ந்து போகும் பஸ்ஸுக்காக நான் நடக்கிறேன்.