விழுந்தவர் விவரம்

டிரஸர் நல்லுசாமி வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு அடி வைப்பதற்குள் மணியம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இந்த மாதத்தில் இது நான்காவது ஆள்.

"எப்படிம்மா விழுந்தீங்க?"

"தெரியலைங்க டிரஸரையா. எந்திரிச்சேன், விழுந்துட்டேன்."

நல்லுசாமி அவரைத் தூக்கி உட்காரவைத்து, கை காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. பிறகு 'விழுந்தவர் விவரம்' என்ற அச்சுப் பாரத்தை எடுத்தார். காரணம் என்று அதில் நான்கு கட்டங்கள் இருந்தன: தரை, செருப்பு, வெளிச்சம், மருந்து. மலைப் பனியில் தரை எப்போதும் ஈரமாகத்தானே இருக்கிறது என்று முதல் கட்டத்தில் கோடு போட்டார்.

அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் மொத்தம் ஆறே கட்டில்கள். கொழுந்து பறித்துத் தேய்ந்த முழங்கால்கள்தான் பெரும்பாலும் அவற்றில் படுத்திருக்கும். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, அதட்டுவது எல்லாமே இருபத்திரண்டு வருஷமாக நல்லுசாமிதான். மாதக் கடைசியில் மேனேஜர் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் விழுவது நிற்கவில்லையென்றால் வார்டை மூடிவிட்டு எல்லாரையும் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவாராம். டவுனுக்குப் போனால் லைன் வீட்டிலிருந்து யார் கஞ்சி கொண்டுபோவது?

துப்புரவு வேலை பார்க்கும் பவளம் மாப்பும் கையுமாக வந்து நின்றாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"மொதல்ல தரையைத் தொடைம்மா."

அவள் துடைத்தாள். அதன்மேல் நல்லுசாமி ரப்பர் பாய் விரித்தார். மறுநாள் காலை அவர் உள்ளே நுழைந்தபோது முனியாண்டி பாயின் ஓரத்தில் கால் தட்டி விழுந்தார். பாயைச் சுருட்டினார். ஆறு பேருக்கும் தேயிலைக் காட்டுக்குப் போடும் பூட்ஸைப் போட்டுவிட்டார். படுத்திருக்கும்போதும் கழற்றக்கூடாது என்று உத்தரவு. மத்தியானம் அவர் மருந்துத் தட்டோடு வந்தபோது செல்லத்தின் பூட்ஸ் கம்பளியில் மாட்டிக்கொண்டது. கம்பளியும் செல்லமும் சேர்ந்தே இறங்கினார்கள்.

பிறகு கட்டிலுக்கு ஒரு மணி கட்டினார். எழுந்திருக்க வேண்டுமானால் மணியடிக்க வேண்டும், அவர் ஓடி வருவார். மறுநாள் மாடசாமி கக்கூசுக்குப் போக அடித்தார். நல்லுசாமி ஓடினார். மணியடித்த மாடசாமி பத்திரமாக உட்கார்ந்திருந்தார். அடிக்காத இரண்டு பேர் தரையில் கிடந்தார்கள். மணிச் சத்தம் ஆட்களைத் திடுக்கிட வைக்கிறது என்று முடிவு செய்து நல்லுசாமி ஆறு மணிகளையும் அவிழ்த்தார்.

கடைசியில் தன்னையே நம்புவது என்று தீர்மானித்தார். ஒரு நாளைக்கு இரண்டு முறை வார்டைச் சுற்றுபவர், இப்போது மணிக்கு ஒரு முறை சுற்றினார். பலன் இல்லாமல் இல்லை. அந்த வாரம் ஐந்து பேர் விழுந்தார்கள், ஐந்து முறையும் தூக்கிவிட அவர் பக்கத்திலேயே இருந்தார். ஒருவர் விழுந்ததைக்கூடத் தான் தவறவிட்டதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"ஐயா, அது எதனாலன்னா..." என்று பவளம் மறுபடியும் ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. மருந்து." அவர் நான்காவது கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தபோது ஈப்போ நகரத்தில் ஒரு வகுப்பு நடப்பதாக வாட்சப்பில் தகவல் வந்தது. நோயாளிகள் விழாமல் தடுப்பது எப்படி, இரண்டு நாள் பயிற்சி. வார்டை விட்டுப் போக நல்லுசாமிக்கு மனசே இல்லை. பக்கத்துத் தோட்டத்து நர்ஸ் யுவனேஸ்வரியை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சாமியைக் கும்பிட்டு வேன் ஏறினார். இரண்டு நாளும் அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தாரே தவிர, காது முழுக்க யாராவது தொப்பென்று விழுகிற சத்தம்தான்.

மூன்றாம் நாள் காலை சான்றிதழோடு திரும்பினார். கிளினிக் வாசலில் மேனேஜரின் ஜீப் நின்றது. மேனேஜர் பாரக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு நாளுக்குப் பாரமே இல்லை. சின்னப் பெண் யுவனேஸ்வரி வந்து போய்க்கொண்டிருந்தும் ஒருவர்கூட விழவில்லை.

நல்லுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பூட்ஸ் இப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது என்று விளக்கினார். மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டி, வார்டு இருக்கட்டும், நேரில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். இருவரும் கதவை நோக்கி நடந்தார்கள்.

பவளம் மாப்புக் கட்டையைக் கதவுக்குக் குறுக்கே நீட்டி மறித்தாள்.

"துரை, டிரஸரையா, ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க. உங்களைப் பார்த்தா மரியாதைக்கு எந்திரிச்சு நிக்கணும்னுதான் இத்தனை நாளும் எல்லாரும் விழுந்தாங்க."