ஃப்ளெக்ஸில் நிற்பது நம்ம பாப்பா இல்லை

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் திரு. வளவன் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் செந்தமிழன் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் வாளிக்கடையும் ரங்கநாதர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். புத்தூரில் நீங்களும் அக்காவும் பாப்பா தேவதர்ஷினியும் சுகமா என்று போனில் கேட்கலாம் என்றால் என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். அக்கா போனிலும் செய்துவிட்டீர்கள். ஆகையால் தபாலில் கேட்கிறேன். தபால்காரரை பிளாக் செய்ய ஏதாவது வழி இருக்கிறதா என்று போஸ்ட் ஆபீஸில் விசாரித்துப் பார்த்தேன், அப்படி ஒரு வசதி இதுவரை வரவில்லை என்றார்கள்.

அக்கா நேற்று பக்கத்து வீட்டு போனிலிருந்து பேசியது. முசிறி மண்டபத்தில் நடக்கும் காதுகுத்துக்கு என் மடி வேண்டாமாம். உங்கள் சித்தப்பா மகன் மடியில் பாப்பாவை உட்கார வைத்துக் குத்திக்கொள்வீர்களாம். மச்சான், கூடப் பிறந்த தாய்மாமன் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பங்காளி மடியில் காது குத்தினால் முசிறியில் என்னை என்ன பேசுவார்கள்? பேசுவது கிடக்கட்டும், எனக்கே தாங்காது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்கள் பேச்சை என்னைப் போல வரிக்கு வரி கேட்டு நடந்தவன் வேறு யாராவது உண்டா என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சமயபுரத்தில் பாப்பாவுக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, நாங்கள் தண்ணீர்ப் பார்க்குக்கும் நீங்கள் டியூட்டிக்கும் கிளம்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? அங்கே போட்டோ எடுத்தால் அடுத்தவங்க பிள்ளை ஒன்றுகூட அதில் விழக்கூடாது, விழுந்தால் பெற்றவங்களைக் கேட்கணும், வேண்டாம் என்றால் அவங்க கண் முன்னாலேயே அழிச்சிடணும், தண்ணியில் நிற்கிற பிள்ளையை ஸ்டேட்டஸில் வைக்கிற வேலையே கூடாது, நம்ம பிள்ளை முகமும் கண்ட இடத்தில் வரக்கூடாது என்றீர்கள். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டை நிர்வாகம் செய்கிறவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கும் என்று நான் தலையாட்டினேன். நம்ம சொந்தத்தில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் ஊரான் புள்ளை போட்டோல விழுந்தா தேஞ்சா போயிரும்னு கேட்டிருப்பாங்க. நான் கேட்கவில்லை.

பார்க் வாசலிலேயே அக்காவை நிறுத்திவிட்டார்கள். வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாதாம். அக்கா கையில் புளிசாதத் தூக்கு. இது சாப்பாடு இல்லை, கோயில் பிரசாதம் என்று அக்கா வாதாட ஆரம்பித்தது, நானும் பாப்பாவும் உள்ளே போய்விட்டோம். பிள்ளைகளுக்கு அங்கேயே வாடகைக்கு உடுப்பு. எல்லாம் ஒரே மஞ்சள், நெஞ்சில் ஒரு வாத்து. சந்தனத்தைக் கழுவிவிட்டுத்தான் தண்ணியில் இறங்கணும் என்று கழுவச் சொன்னார்கள். சறுக்கு மரத்தில் ஏறுகிறவர்கள் மூக்குக்கண்ணாடியை லாக்கரில் வைக்கணும் என்றார்கள், நான் ஏறப்போவதில்லை என்றாலும் சட்டத்தை மதித்து வைத்தேன். நான் கண்ணாடி இல்லாமல் எப்படி என்று உங்களுக்கே தெரியும், உங்க கல்யாணத்தில் வேறு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடப் போனவன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. சமயபுரத்தில் மொட்டை போட்ட குடும்பம் பூராவும் நேரே அங்கேதான் வந்திருந்தது. குழந்தைகள் குளத்தில் பார்த்தால் மஞ்சள் உடுப்பில் மொட்டை மொட்டையாக நிற்கிறது. போன் கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது, உறைக்குள் ஆவி கட்டியிருக்கிறது.

இவ்வளவு கஷ்டத்திலும் உங்கள் சொல்லை மறக்கவில்லை மச்சான். காளான் குடையிலிருந்து தண்ணி கொட்டுகிற இடத்தில் பாப்பாவை நிறுத்தி எடுக்க ஆரம்பித்தேன். நம்ம பாப்பா போட்டோவுக்குச் சிரிக்காத குழந்தை, அன்றைக்கு என்னவோ கையைத் தட்டிச் சிரிக்கிறது. அந்த நேரம் பார்த்து வேறு ஒரு மொட்டை வந்து வந்து குறுக்கே நிற்கிறது. என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. அடுத்தவங்க பிள்ளை ஆயிற்றே, அதட்ட முடியுமா? "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, உங்க அப்பா அம்மாவைக் கேக்காம உங்களைப் போட்டோ எடுக்கக் கூடாது" என்று மரியாதையாகச் சொன்னேன். தள்ளி விட்டால் திரும்ப வருகிறது. கடைசியில் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்துவிட்டது. இப்படிப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு எங்கேதான் போய்த் தொலைகிறார்களோ என்று எனக்குக் கோபம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பாதுகாப்புக்கு நின்ற இருளாயி என்ற அம்மாவிடம் ஒப்படைத்தேன். அந்தம்மா குனிந்து இவர் யாரு பாப்பா என்று என்னைக் காட்டிக் கேட்டது. மாமா என்றது குழந்தை. நம்ம ஊர்ப் பிள்ளைங்க மீசை வச்ச யாரைப் பார்த்தாலும் மாமான்னுதானேம்மா கூப்பிடும் என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா தூக்கோடு வந்து, "ஏண்டா புள்ளைய அழ வச்ச" என்று அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நான் மரியாதையாகத் தள்ளி நிறுத்தியது நம்ம பாப்பாவை என்று. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. தள்ளி நின்றது நம்ம பாப்பா என்றால் நடுவில் நின்று சிரித்தது யார் என்ற கேள்வி எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. அக்கா தூக்கைத் திறந்துவிட்டது, புளிசாதம் அன்றைக்கு நன்றாக அமைந்திருந்தது.

அடுத்தது ஃப்ளெக்ஸ். தாய்மாமன் ஃப்ளெக்ஸ் வைக்காமல் எந்த ஊரில் காதுகுத்து நடக்கிறது, சொல்லுங்கள். முகம் கண்ட இடத்தில் வரக்கூடாது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் ஃப்ளெக்ஸ் கட்டுகிற முசிறி கைகாட்டி கண்ட இடம் இல்லையே, நம்ம இடம்தானே என்று நினைத்துவிட்டேன், அது தப்புத்தான். இருந்த போட்டோவை ஃப்ளெக்ஸ் அடிக்கிற பஷீர் அகமது பாய்க்கு அனுப்பினேன். கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். மொட்டையில் பாப்பா அப்படியே எங்க அப்பா ஜாடை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்குழந்தை என்று தெரியணுமே என்று பாய் கம்ப்யூட்டரில் ஜிமிக்கி மாட்டி, தலையில் மல்லிகைப்பூக் கிரீடம் வைத்து, பக்கத்தில் ஒரு சிங்கத்தையும் விட்டார். சிங்கத்துக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு நான் போன் பேசிக்கொண்டே நடந்து வருகிறேன். கீழே என் நம்பர்.

மறுநாளே அந்த நம்பருக்குப் போன் வந்தது. உப்பிலியபுரத்திலிருந்து சரவணன் என்றார். யாரோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்து, குடும்பத்தோட கட்டாயம் வந்துடுங்க என்றேன்.

"குடும்பத்துல ஒருத்தன் முன்னாடியே வந்து நிக்கிறாங்க," என்றார் அவர். "எம்மவன் அகரன். உங்க ஃப்ளெக்ஸ்ல ஜிமிக்கி போட்டுக்கிட்டு நிக்கிறான்."

மச்சான், அந்த மனிதர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. என் பையனை யாரைக் கேட்டு எடுத்தீங்க, யாரைக் கேட்டு நடுரோட்டில் தொங்கவிட்டீங்க, பஸ்ஸில் போகிறவன் எல்லாம் என்னிடம் கேட்கிறான் என்று நீங்கள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்ன அதே நியாயத்தை அவரும் சொன்னார். உங்கள் பேச்சைக் கேட்டு நான் பாதுகாத்த ஒரே குழந்தை நம்ம பாப்பாதான் என்பது அப்போது விளங்கியது. ஃப்ளெக்ஸை உங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் பார்த்துவிட்டு, சார் உங்க பொண்ணுக்கு உங்க ஜாடையே இல்லையே என்று கேட்டதும், நீங்கள் என்னை பிளாக் செய்ததும் அதற்கப்புறம்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் முசிறி போய் ஃப்ளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டிவிடுகிறேன். அங்கிருந்து உப்பிலியபுரம் போய் சரவணன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, அவர் கண் முன்னாலேயே போட்டோவை அழித்துவிடுகிறேன். இனி என் போனில் வாளியைத் தவிர எதையும் படம் எடுக்க மாட்டேன். ஆனால் மடியை மட்டும் மாற்றாதீங்க மச்சான். மொட்டை போடும்போது பாப்பா முடி என் வேட்டியில்தான் விழுந்தது. அழுதுகொண்டே என் கட்டைவிரலைப் பிடித்திருந்ததே, அந்தப் பிடி இன்னும் விரலில் இருக்கிறது. தண்ணிக்குள் என் வேட்டியை இழுத்ததும் அதே கைதான். அதைத் தெரியாமல் தள்ளி நிறுத்தினேனே என்று நினைத்தால் கடையில் வியாபாரம் ஓடவில்லை. உங்க சித்தப்பா மகன் நல்லவர்தான். அவர் விரலைப் பாப்பா பிடிக்காது.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு என் விசாரிப்பு. பாப்பாவுக்கு மொட்டைத் தலையில் ஒரு முத்தம், முடி வளர்ந்துவிடுவதற்குள் கொடுத்துவிடவும். சமயபுரத்தாள் உங்கள் கோபத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத மைத்துனன்,
செந்தமிழன்

பின்குறிப்பு: திங்கட்கிழமை. கவரை ஒட்டுவதற்குள் முசிறியும் உப்பிலியபுரமும் போய் வந்துவிட்டேன். ஃப்ளெக்ஸை அவிழ்க்கவில்லை, போட்டோவையும் அழிக்கவில்லை. சரவணன் வீட்டம்மாவோடு பிறந்தது எல்லாம் பெண்களாம், அண்ணன் தம்பி கிடையாது. பையனுக்குக் காது குத்த மடி இல்லாமல் நாளைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஃப்ளெக்ஸைப் பார்த்த ஊர்க்காரர்கள் அகரனுக்கு இப்படி ஒரு தாய்மாமனா, சொல்லவே இல்லையே என்று கேட்கக் கேட்க, அந்தம்மாவுக்கு மனசு மாறிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், "அண்ணே, நீங்களே எம்புள்ளைய மடியில வச்சிக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அழுதது. நானும் அழுதுவிட்டேன். அதே நாள், அதே மண்டபம். பாய் ஜிமிக்கியையும் கிரீடத்தையும் எடுத்துவிட்டு அகரன் பெயரைப் போட்டுத் தருகிறார், சிங்கம் இருக்கட்டும் என்றான் பையன். ஆக, நம்ம பாப்பா முகம் எங்கேயும் இல்லை, அடுத்தவங்க பிள்ளை முகத்துக்குப் பெற்றவர்கள் சம்மதம் வாங்கியாயிற்று. உங்கள் சொல்லில் எதையும் நான் மீறவில்லை. இடது தொடையை அகரனுக்குச் சொல்லிவிட்டேன். வலது தொடை பாப்பாவுக்கு. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உட்காருவேன். பாப்பாவைக் கூட்டிவரவில்லை என்றால் அந்தத் தொடை காலியாகத்தான் இருக்கும் மச்சான், அதில் உங்க சித்தப்பா மகனை உட்கார வைக்க முடியாது.