நாற்காலியில் ஐம்பது வெள்ளி

சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

மதிப்புக்குரிய சியூ லான் அக்காவுக்குத் தம்பி கீ ஹொக் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி பெக் கிமும் நலம். ஈப்போவில் நீங்களும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

நேற்று பெக் கிம் வற்புறுத்தியதால் சூதாட்டக் கூடத்துக்குப் போனோம். நான் கழிவறைக்குப் போய்த் திரும்பினால் அவளைக் காணோம். சூதாட்ட இயந்திரம் ஒன்றின் முன்னால் காலி நாற்காலி, அதன்மேல் டிஷ்யூ பொட்டலம், அதற்கு அடியிலிருந்து ஐம்பது வெள்ளி நோட்டு எட்டிப் பார்த்தது. சாப்பாட்டுக் கடையில் நாற்காலிமேல் டிஷ்யூ இருந்தால் ஆள் வருகிறார் என்று பொருள், எவனும் தொடமாட்டான். ஆனால் அந்த மரியாதை பணத்துக்கும் உண்டா? பொட்டலத்தில் பல் மருத்துவமனை விளம்பரம் வேறு. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அதே மருத்துவமனை. அந்த டாக்டர்மேல் எனக்கு முன்பே சந்தேகம்.

எடுத்தால் நான் திருடன், விட்டுப் போனால் எவனோ திருடன் என்று காவல் நின்றேன். கூரையிலிருந்த கேமரா என்னை மட்டுமே பார்த்தது. பக்கத்து இயந்திரத்து அம்மாளும் விடவில்லை.

"உங்க பணமா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு அதையே சுத்திச் சுத்தி வர்றீங்க?"

"யாரும் எடுத்துடக் கூடாதுல்ல?"

"மூஞ்சப் பாத்தா எடுக்கப்போறவர் மாதிரில்ல இருக்கு!"

அவள் கையைத் தட்டிக் காவலரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் நோட்டை உறையில் போட்டு, "கண்டெடுத்தவர் பேரு சொல்லுங்க. சொந்தக்காரங்க வந்து கேட்டா, சாட்சிக்கு நீங்க நேர்ல வரணும்" என்றார். பொறி வைக்கிறார் என்று புரிந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத பெயராக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தேவாலயத்தில் வாராவாரம் சூதாட்டத்தை எதிர்த்துப் பேசும் நம் அத்தானின் பெயரைச் சொல்லிவிட்டேன். "கட்டாயம் வருவேன்" என்றும் சொன்னேன்.

யாராவது தொலைபேசியில் கேட்டால் அத்தான் உத்தமர் என்று மட்டும் சொல்லுங்கள். நேற்றிலிருந்து பெக் கிம் என்னிடம் பேசவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. கர்த்தர் உங்கள் இருவரையும் எந்த விசாரணையும் நெருங்காமல் காப்பாராக.

அன்புத் தம்பி,
கீ ஹொக்

பி.கு.: பெக் கிம் இப்போதுதான் வாய் திறந்தாள். "ஏங்க, உங்களுக்கு எடம் புடிக்கத்தானே டிஷ்யூவ வெச்சுட்டுத் தண்ணி வாங்கப் போனேன்? அடியில வெச்ச அம்பது வெள்ளியையும் ஒரே மூச்சுல தோத்துட்டீங்களா?" ஆகவே நோட்டை மீட்கச் சாட்சி சொல்ல அத்தானைக் கடவுச்சீட்டுடன் அடுத்த பேருந்திலேயே அனுப்பிவைக்கவும். கூடத்துக்குள் நுழையும்போது தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால், அவர் தாராளமாக என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.