வக்கீலின் விலகல் மனு

அந்தக் கைகளை முதலில் பாருங்கள். நூலகத்தின் மூலை மேசையில் தாள்களின் நான்கு ஓரமும் ஒன்றாக வரும்படி தட்டித் தட்டி அடுக்குகின்றன. ஸ்டேப்ளர் பின் அடிக்கும் முன் ஒரு கணம் நிதானித்து, கம்பி எழுத்தின் மேல் ஏறாதபடி இடம் பார்த்து அழுத்துகின்றன. இணைப்பு அ, இணைப்பு ஆ என்று ஒவ்வொரு தாளின் தலையிலும் அச்சடித்ததுபோல் எழுதுகின்றன. நகம்கூட ஒட்ட வெட்டியிருக்கிறது. அறுவை சிகிச்சை செய்கிறவருக்கு வாய்க்க வேண்டிய கைகள். இவ்வளவு பொறுமையாக என்ன செய்கின்றன என்கிறீர்களா? தங்கள் சொந்தக்காரனுக்குப் புள்ளியியல் தெரியாது என்று நிரூபித்துக்கொண்டிருக்கின்றன.

பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், படிக்காதவன் என்று இரண்டு வகைதான் இருப்பதாக ஊரார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. பாடத்தைத் தவிர மற்றதையெல்லாம் படிக்கிறவன். சேர்ந்த அன்று எல்லோருக்கும் ஒரு மாணவர் கையேடு கொடுப்பார்கள். மற்றவர்கள் அதை அலமாரியின் ஆட்டத்தை நிறுத்த அடியில் கொடுத்துவிடுவார்கள். இவன் மட்டும் அதன் கடைசிப் பக்கங்களில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில் கிடக்கும் மதிப்பெண் விதிகளை ஊன்றிப் படிப்பான். எந்தத் தர எழுத்துக்கு எத்தனை புள்ளி, எந்த வாரத்துக்குள் ஒரு பாடத்தைக் கைவிட்டால் தடயமே இல்லாமல் மறையும், அதற்குப் பிறகு கைவிட்டால் என்ன வடு விழும், தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய பூஜ்யம் அழியுமா, புதியதன் பக்கத்திலேயே உட்கார்ந்து முறைக்குமா, எச்சரிக்கைக்கும் தகுதிகாண் நிலைக்கும் என்ன வித்தியாசம், தகுதிகாண் நிலையிலிருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம் – கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். பாடத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தூங்கிவிடுவான்.

இந்த வகைக்கென்று சில வாசகங்கள் உண்டு. "ரூல் என்ன சொல்லுதுன்னா…" என்பது ஒன்று. "அதுக்கு ஒரு ப்ரொவிஷன் இருக்கு" என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் தலையாயது, "டெக்னிக்கலா நான் ஃபெயில் இல்ல." நம் ஆளை நண்பர்கள் வக்கீல் என்று கூப்பிட்டார்கள். கேலி என்று தெரிந்தும் அவனுக்கு அது பிடித்திருந்தது. பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாகும். வக்கீல் என்றால் உடனே திரும்புவான்.

அவன் வழக்கு இதுதான். நான்குக்கு இரண்டு என்ற சராசரிப் புள்ளி இருந்தால் மாணவன். அதற்குக் கீழே போனால் தகுதிகாண் நிலை, அதாவது உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். அடுத்த பருவத்திலும் கீழேயே கிடந்தால் இரண்டு காலும் வெளியே. ஓராண்டுக்கு வளாகத்துக்குள் வரக்கூடாது. நம் வக்கீல் போன பருவத்தில் ஒரு காலை வெளியே வைத்துவிட்டான். இந்தப் பருவத்தில் மற்ற பாடங்களில் எல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு எப்படியோ நின்றான். புள்ளியியலில் மட்டும் பூஜ்யம். அந்த ஒரு பூஜ்யம் மொத்தச் சராசரியையும் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தது.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, மறுதேர்வு எழுதித் தேறுவது. இன்னொன்று, காய்ச்சல் தலைவலி போன்ற காரணத்தால் பாடத்தைத் தொடர முடியவில்லை என்று மனுக் கொடுத்து, அந்தப் பாடத்தில் தான் சேரவே இல்லை என்பதுபோல் விலகிக்கொள்வது. இரண்டில் ஒன்றுதான், மனு கொடுத்தவன் தேர்வு எழுத முடியாது, எழுதியவன் மனு கொடுக்க முடியாது. தேர்வும் மனுவின் கெடுவும் ஒரே நாள் காலையில்.

நீங்களோ நானோ என்ன செய்வோம்? முணுமுணுத்துக்கொண்டே புத்தகத்தைத் திறப்போம். வக்கீல் கையேட்டைத் திறந்தான். பருவத்தின் நடுவில் அவனுக்கு ஒரு வாரம் காது வலித்தது உண்மை. அந்த ஒரு வார வலியை இழுத்து, நீட்டி, முழுப் பருவத்துக்கும் போர்த்தினான். 'ஆசிரியர் கூறியது எதுவும் செவியில் விழாமையால், இப்பாடத்தின் அரிச்சுவடிகூட மனுதாரருக்கு இன்றுவரை விளங்கவில்லை' என்று முதல் பத்தியை எழுதி, அதைத் தானே மூன்று முறை வாசித்து, கண் கலங்கினான்.

ஆனால் வெறும் அழுகையை நம்பும் ஆள் அல்ல அவன். மனுவை முதலில் படிப்பவர் புள்ளியியல் பேராசிரியரே என்பது விதி. அவர் காது வலியை மதிக்க மாட்டார், கணக்கைத்தான் மதிப்பார். ஆகவே வக்கீல் கணக்கில் இறங்கினான். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த வகுப்பின் மதிப்பெண்களை எல்லாம் எழுதிவந்தான். வகுப்பின் சராசரி கண்டான். அதிலிருந்து தான் எவ்வளவு விலகிக் கிடக்கிறோம் என்று கண்டான். வராத நாட்களுக்கும் விழுந்த மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவை ஓர் எண்ணாகப் பிழிந்து எடுத்தான். இந்த வீழ்ச்சி தற்செயல் அல்ல, காதுதான் காரணம் என்பதை ஒரு கருதுகோளாக வைத்துச் சோதித்துக் காட்டினான். இதற்காகப் பருவம் முழுவதும் தொடாத பாடப்புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து, அத்தியாயம் அத்தியாயமாக, பென்சிலால் கோடு போட்டு, விளிம்பில் குறிப்பெழுதிப் படித்தான். எதற்கு? தனக்கு அது விளங்கவில்லை என்று எழுத.

தேர்வுக்கு முந்திய நாள் மதியம் அந்த மூலை மேசைக்கு நெட்டை வந்தான். வக்கீலின் வகுப்புத் தோழன். அதே பாடத்தில் தோற்றவன். ஆனால் விதி எதுவும் தெரியாத அப்பாவி என்பதால் மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன்.

"டேய் வக்கீல், இந்தத் திட்ட விலக்கம் என்னடா எழவு? ரெண்டு நாளா மண்டை காயுது."

வக்கீல் தலையைத் தூக்கவில்லை. இணைப்பு இ-க்கு அடிக்கோடு போட்டுக்கொண்டே சொன்னான்: "ரெண்டு பஸ் இருக்கு. ரெண்டும் சராசரியா பத்து நிமிஷம் லேட். ஒண்ணு தினமும் கரெக்டா அதே பத்து நிமிஷம் லேட். இன்னொண்ணு ஒரு நாள் முன்னாடியே போயிடும், ஒரு நாள் அரை மணி கழிச்சு வரும். எதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவ?"

"முத பஸ்ஸ."

"ஏன்?"

"அது லேட்டா வந்தாலும் ஒழுங்கா லேட்டா வருதே."

"அதான். ரெண்டாவதுக்கு விலக்கம் ஜாஸ்தி. அவ்வளவுதான். கிளம்பு."

நெட்டை வாயைப் பிளந்து நின்றான். "டேய், அந்த ஆளு ஒரு மாசம் போர்டுல எழுதுனது இதையாடா? நீ பேசாம பரிட்சை எழுதலாமே!"

"எனக்குத்தான் சப்ஜெக்ட் தெரியாதே" என்றான் வக்கீல், மனுவின் முதல் பத்தியில் விரலை வைத்து. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. எழுத்தில் இருக்கிறது, கையெழுத்தும் போட்டாகிவிட்டது, அப்புறம் எப்படித் தெரியும்?

வக்கீல் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வருகிறவர்களின் மூக்கில் லென்ஸை மாற்றி மாற்றி மாட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பாள், எப்பேர்ப்பட்ட ஆளும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்து, "டேய், பாஸா ஃபெயிலா?" என்று கேட்டால் மட்டும், "அக்கா, அதை அப்படி ஒரே வார்த்தையில சொல்ல முடியாது" என்று வரும். கூடத்து சோபா இரண்டு வருடமாக அவனுடைய படுக்கை. மாமா நல்ல மனிதர். வேலை முடிந்து வந்தால் சோபாவில் உட்கார இடமில்லாமல் சாப்பாட்டு மேசை நாற்காலியிலேயே முதுகை நிமிர்த்திக்கொண்டு செய்தி பார்ப்பார். "இந்த ஒரு வருஷம்தாங்க, படிச்சு முடிச்சிட்டுப் போயிடுவான்" என்று அக்கா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்கு தவறினால் அவர் திட்ட மாட்டார். முதுகைத் தேய்த்துக்கொள்வார். அக்காவுக்கு அதுதான் தாங்காது.

அன்று மாலை அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், மேசைமேல் இருந்த தாள்களை எடுத்துப் பார்த்தாள். முதல் பக்கத்தைத் தாண்டி நேரே கணக்குகளுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ஏங்க, இங்க வாங்களேன்!" என்று மாமாவைக் கூப்பிட்டாள். "எவ்வளவு படிச்சிருக்கான் பாருங்க! நான்தான் இவனை நம்பாம பேசிட்டேன்."

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். "கையெழுத்து ரொம்ப சுத்தமா இருக்கே" என்றார், தன்னால் முடிந்ததை.

"நாளைக்குப் பரிட்சைக்குத்தானேடா இது? கட்டாயம் பாஸ்தான். இவ்வளவு தெரிஞ்சவனை எவன் ஃபெயில் போடுவான்?"

பாராட்டால் ஒரு மனிதன் வெளிறிப் போனதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வக்கீல் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தாள்களைத் திரும்ப வாங்கி, பேராசிரியரின் கண்ணால் ஒருமுறை படித்தான். முதல் பக்கம்: அரிச்சுவடிகூடத் தெரியாது. அடுத்த ஆறு பக்கம்: அரிச்சுவடியிலிருந்து ஆய்வு வரைக்கும் பிழையில்லாமல். ஒரு பிழை, ஒரே ஒரு பிழை கிடைக்காதா என்று தேடினான். கிடைக்கவில்லை.

"அக்கா, அது வந்து… டெக்னிக்கலா…"

"போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்குடா. காலையில தெளிவா எழுது."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்திருக்கும். பையனுக்கு உண்மை உறைத்துவிட்டது, மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தேர்வுக்குப் போவான் என்று. இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாக அறியவில்லை. அவன் பேனாவை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனான். கணக்குகளில் தவறு போட.

அது அவ்வளவு எளிதா? முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை மாற்றினான். காது வலித்த நாட்களில்தான் மதிப்பெண் கூடியது என்று விடை வந்துவிட்டது. அடித்தான். இன்னொன்றை மாற்றினான், வகுப்பில் எல்லோருக்கும் காது வலி என்று வந்தது. கண்ட இடத்தில் கை வைத்தால் வழக்கே கவிழும். விவரம் இல்லாதவன் செய்யக்கூடிய தவறாகவும் இருக்க வேண்டும்; முடிவையும் மாற்றக் கூடாது. பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் 'மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள்' என்று ஒரு பகுதி இருந்தது. அதுவரை அவன் படிக்காமல் விட்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் படித்தான். எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்க வேண்டிய இடத்தில் கழிக்காமல் வகுத்தால், விடை கொஞ்சம் பிசகும், ஆனால் முடிவு மாறாது என்று அங்கே கண்டான். ஏன் மாறாது என்று தனித்தாளில் போட்டு உறுதி செய்துகொண்டான். அந்தப் பாடத்தில் கற்க வேண்டியதில் அத்தோடு மிச்சம் எதுவும் இல்லை. அக்கா மூடி வைத்த தட்டில் சாப்பாடு ஆறிக் கிடந்தது.

காலையில் அக்கா வேலைக்குப் போகும் வழியில் அவனை வளாக வாசலில் இறக்கிவிட்டு, "நல்லா எழுதுடா" என்றாள். நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

பதிவாளர் அலுவலகமும் தேர்வுக்கூடமும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிரே. இந்தப் பக்கம் ஜன்னல், அந்தப் பக்கம் கதவு. கதவருகே நெட்டை நின்று கையை ஆட்டினான். "டேய், வாடா! ரெண்டாவது பஸ்ஸு மாதிரி நிக்காத. இன்னும் கதவ மூடல."

ஜன்னலுக்குள் இருந்த அலுவலக அம்மா மனுவை மேலோட்டமாகப் பார்த்து, தலையை நிமிர்த்தினார். "தம்பி, நல்லா யோசிச்சுக்கோங்க. முத்திரை குத்திட்டா எதிர்ப் பக்கம் போக முடியாது."

"தெரியும் மேடம். ரூல்லயே இருக்கு."

"எழுதித்தான் பாருங்களேன். சுலபமா வந்தாலும் வரும்."

"சுலபமாத்தான் வரும் மேடம். ஆனா எனக்குத் தெரியாதே" என்றான் வக்கீல். தன் வாழ்நாளில் இத்தனை சிரத்தையாக எதையும் செய்திராத அந்தக் கைகள், தாள்களை ஜன்னல் திண்டில் கடைசியாக ஒருமுறை தட்டி, ஓரங்களை நேராக்கின.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அரை மணியில் முடிகிற வேலையை ஏன் முடிக்கவில்லை என்று மேலாளருக்கு ஒரு முழுப் பகலும் உட்கார்ந்து விளக்கம் எழுதியவர் யார்? உடற்பயிற்சிக்கு ஏன் நேரம் இல்லை என்று நடந்துகொண்டே ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசியவர் யார்? எனக்குத் தெரியாது, பெயர் சொல்லும் பழக்கமும் எனக்கில்லை. ஆனால் அந்த ஜன்னலில் வக்கீலுக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்கிறது, பாருங்கள். அவனுக்கு அடுத்து நிற்கிறவர் கையிலும் ஒரு தாள்கட்டு இருக்கிறது. ஓரங்கள் வெகு நேர்த்தி.

வக்கீல் மனுவை உள்ளே நீட்டினான். முத்திரை விழுந்தது. எதிரே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அடுத்து" என்றார் அந்த அம்மா.

உங்களைத்தான் கூப்பிடுகிறார்.