வார்னிங்கண்ணன் பதில் சொன்ன குரல்

கம்ப்யூட்டருக்கு ‘வாங்க, போங்க’ என்று மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வார்னிங்கண்ணன்.

மலைமேல் ஒண்டிக்கடை என்கிற முக்கில், பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் குட்டி சாஃப்ட்வேர் ஆபீஸ். எழுதிய புரோகிராமில் பிழை இருந்தால், அதைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் நிறுத்திவிடும். சந்தேகம் என்றால் மஞ்சள் எழுத்தில் எச்சரித்துவிட்டு மேலே போய்விடும். மஞ்சளை எவன் படிப்பான்? திரையில் தெரியாமல் மறைத்து வைப்பதுதான் எங்கள் வழக்கம். அண்ணன் மட்டும் தன் திரையில் வரும் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று பதில் சொல்வார்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. இப்பவே மாத்தீர்றனுங்க.”

விழுந்து விழுந்து சிரிப்போம். மஞ்சள் வருவதற்கு முன்னாலேயே அவர் எழுந்து நிற்கிறார் என்று கவனித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மலைப்பாதை வளைவில் பனிமூட்டம் வந்தால் தானாக எரிகிற விளக்குக்குப் புரோகிராம் எழுதினோம். எல்லாக் கருவிக்கும் பொதுவாக ஒரு டெம்ப்ளேட், அச்சு மாதிரி. பனிக்கு மட்டும் தனியாக ஒரு வடிவம். என் மனைவி கனகா சேலத்தில் வேலை முடிந்து, தினமும் அந்த வளைவில்தான் ஸ்கூட்டரில் ஏறி வருவாள்.

விளக்குப் பொருத்தும் நாள் மத்தியானம், மூட்டம் ஜன்னல் வழியாக மேஜைவரை வந்துவிட்டது. என் திரை சுத்தமாக இருந்தது. அண்ணன் திடீரென்று என் பக்கத்தில் வந்து நின்றார்.

“சொல்லுங்க.”

“அண்ணா, ஒண்ணுமே வரலீங்களே?”

“நொம்ப நேரமா கூப்புடறாங்க கண்ணு. பனியில நிக்கறாங்க.”

 மறைத்து வைத்திருந்த எச்சரிக்கைகளைத் திறந்தேன். ‘இந்தத் தனி வடிவம் ஒருபோதும் பயன்படாது’ என்றது மஞ்சள். எழுதிய முறையே தப்பு. பனி வந்தாலும் பொது டெம்ப்ளேட்தான் ஓடும், விளக்கு எரியாது.

“பாவமுங்க, தனியா நின்னுட்டீங்க” என்று திரையிடம் சொல்லிக்கொண்டே அண்ணன் திருத்தினார்.

சாயங்காலம் கனகா வந்து சேர்ந்தாள். “ஏனுங்க, அந்த லைட்டு மட்டும் எரியலீன்னா எதுத்தாப்புல வந்த பஸ் மேலயே உட்டிருப்பனுங்க” என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் மஞ்சளை மறைப்பதேயில்லை.

போன மழைக்காலத்தில் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். எங்களுக்குத்தான் எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

நேற்று மத்தியானம் மறுபடி அதே மூட்டம். ஆபீசில் நான் மட்டும்தான். எனக்குப் பின்னால் அவருடைய நாற்காலி நகர்ந்தது.

“சொல்லுங்க.”

அதற்கப்புறம்தான் திரையில் மஞ்சள் வந்தது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

“உக்காருங்கண்ணா, நான் பாத்துக்கறேன்” என்றேன். கண்ணீரில் அந்த ஒரு வரியைப் படிக்கத்தான் நேரமாகிவிட்டது.